உன் காருக்கு வாய்த்த மூத்த முகம்

சிவமயம்

சண்டிலிப்பாய் வடக்கு,
13.07.2025, ஞாயிறு காலை.

அன்பும் பொறுமையும் பெருந்தன்மையும் ஒருங்கே வாய்த்த என் மருமகன் செல்வன் லோஜனுக்கு,

மாமா சோமசேகரம் எழுதுவது. நானும் மகாதேவி மாமியும் வைரவர் கிருபையால் சுகம். பசு சுகம், கன்று சுகம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. நீயும் உன் அம்மாவாகிய என் அக்காவும் ரொறன்ரோவில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறோம், இந்த ஆறு கிழமையாகக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டுகிறோம். நீ இங்கே என் பொறுப்பில் விட்டுப்போன உன் சிவப்புக் காரும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இடையில் நீ பயப்படக்கூடாது. கார் ஓடுகிறது, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது, ஹோர்ண் அடிக்கிறது. முகம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

நிற்க. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவள் பக்கத்து வீட்டு மதுரா. மேற்படிப்புக்காக இன்றைக்கு ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறாள். உன் அம்மாவின் கண்ணில் படக்கூடாது என்பதால் மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்து அனுப்புகிறேன். வாசிக்கும்போது கண் எரிந்தால் அது தூளால்தான், துக்கத்தால் அல்ல என்று மனத்தைத் தேற்றிக்கொள். கைத்தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மருமகனே, முப்பத்தொரு வருஷம் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான உதவி அதிபராக இருந்தவன் நான். பொய் சொல்லும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்தவன். என் முகத்தைப் பார்த்தால் நீயும் பிடித்துவிடுவாய் என்ற பயத்தில்தான் ஆறு கிழமையாக நீ வீடியோவில் வரும்போதெல்லாம் தொலைபேசியை வேப்பமரத்துப் பக்கம் திருப்பி, "இஞ்சை பார், குயில் கூவுது" என்றேன். நீயும் நல்ல பிள்ளையாய் இல்லாத குயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ மாசியில் திரும்பிப் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்பது எனக்கு வரி வரியாய் ஞாபகம் இருக்கிறது. "மாமா, சனிக்கிழமையிலை பத்து நிமிஷம் ஸ்ராட் பண்ணி விடுங்கோ, ஓடாதேங்கோ" என்றாய். நான் ஓடவில்லை. வைரவர் சாட்சியாக, கொட்டிலை விட்டு அது வெளியே வந்ததே பன்னிரண்டு சனிக்கிழமைக்குப் பிறகுதான். அதுவும் நானாக எடுத்ததல்ல. ஊரில் உள்ள சனம் எல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்து உன் காரைப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் உப்புக் கேட்டு வந்தார், அவர் வீடு ஒரு மைல் தள்ளி இருக்கிறது. மாமி பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, உந்தக் காருக்குக் கண்ணூறு பட்டுப்போச்சு. வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூசை செய்வியுங்கோ. இருநூறு யார் தூரம்தானே" என்றா. இருநூறு யார்! மனிதன் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறான், நான் வைரவர் கோயிலுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பவில்லை.

வைகாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஐயர் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூமாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கு முன்னும் நாலு தேசிக்காய் வைத்து, எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை. "சேர், இனி மெல்ல முன்னுக்கு எடுங்கோ, தேசிக்காய் நசிஞ்சால் சரி" என்றார். இப்போது நீ என் மோட்டார் சைக்கிளை ஞாபகப்படுத்திப் பார். அதை எவ்வளவு முறுக்கினாலும், போவமோ விடுவமோ என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் அது நகரும். அந்தப் பழக்கத்தில் நான் மிதித்தேன். மருமகனே, உன் கார் யாரையும் கேட்கவில்லை. தேசிக்காய் நசிந்த சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை, பிறகு வந்த சத்தம்தான் கேட்டது. கோயில் வாசலில் மார்க்கண்டுவின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் பெட்டியோடு நின்றது. மார்க்கண்டு யார் என்றால் நம் ஒழுங்கை முடிகிற தொங்கலில் தோட்டம் செய்கிறவர். அவருடைய லாண்ட்மாஸ்ரர் பெட்டி நிறைய நீற்றுப்பூசணிக்காய், மருதனார்மடம் சந்தைக்குப் போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று நிறுத்தியிருக்கிறார். உன் காரின் மூக்கு அந்தப் பெட்டிக்குக் கீழே போனது. பூசணிக்காய் எல்லாம் உன் காருக்கு மேலே வந்தது. பொனற் மடிந்து, இரண்டு மட்காட்டும் நெளிந்து, பம்பர் பிளந்து, லைற் இரண்டும் கண்ணாடித்தூளாய்ப் போயின. ஒரு மனிதனுக்குக் கீறல் இல்லை. சந்தனப்பொட்டு மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

நிலத்தோடு தாழ்ந்த அந்தக் காரில் இருந்து இறங்குவது என்று ஒன்று கிடையாது, எழும்புவதுதான். நான் கதவைத் திறந்து, கையை ஊன்றி, முழங்காலில் நின்று, நெற்றி நிலத்தில் முட்ட வெளியே வந்தேன். நான் வைரவரை விழுந்து கும்பிடுகிறேன் என்று நினைத்து ஐயர் உடனே விபூதி கொண்டு ஓடிவந்தார். மார்க்கண்டு வந்து சில்லையும் பார்த்தார், பூசணிக்காயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவர்தான் கதைத்தார்.

"சேர், கண்ணூறு கழிக்க ஒரு காருக்கு ஒரு நீத்துப்பூசணிக்காய்தானே உடைக்கிறது. நீங்கள் ஒரு பெட்டி முழுக்க உடைச்சுப் போட்டியள்."

"மார்க்கண்டு, நான் உதுக்கு..."

"விடுங்கோ சேர். வைரவற்றை வாசலிலை உடைஞ்சதுக்கு நான் வாய் திறந்தால் எனக்குத்தான் பாவம். இனி உந்தக் காருக்கு ஏழு பிறப்புக்குக் கண்ணூறு கிடையாது."

அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. இரண்டு வேலை செய்து, குளிரில் நின்று, ஆசை ஆசையாய் வாங்கி, நம்பி என் கையில் சாவியைத் தந்துவிட்டுப் போன பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன் என்று கொட்டிலுக்குள் போய் அந்தக் காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். மாமி வந்து பூசணி விதைகளைத் துடைத்துக்கொண்டே, "பூசை செய்யச் சொன்னது நான்தானே, அரைவாசிப் பழி எனக்கு" என்றா. அந்த அரைவாசியை நான் மறுக்கவில்லை.

மார்க்கண்டுதான் கொழும்புத்துறை ஜெறோமைப் பற்றிச் சொன்னார். ஜெறோம் கடற்கரையில் பைபர் வள்ளங்கள் திருத்துகிறவர், கார்களும் திருத்துவார். உன் காரை ஒரு லொறியில் ஏற்றி, மேலே தறப்பாள் போட்டு மூடி, பிரேதம் போகிறது மாதிரித்தான் கொண்டுபோனோம். ஜெறோம் தறப்பாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு தொலைபேசியில் நாலு இடத்துக்குக் கதைத்தார். இந்த மொடலுக்கு முன்பக்கம் நாட்டில் ஒரு இடத்திலும் இல்லை, யப்பானில் இருந்து வர நாலு மாதம், ஐந்து மாதம் என்றார்கள். ஆவணியில் கல்யாணம் வைப்பது என்று நீயும் பிரதீபாவும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தப் பிள்ளையின் தகப்பன் சம்மதம் சொல்ல இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் நீ வந்து கொட்டிலைத் திறந்தால் என்ன காண்பாய்?

ஜெறோம் கொஞ்ச நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், வள்ளத்துக்கு அணியம் உடைஞ்சால் என்ன செய்வம்? முன்பக்கத்தை வெட்டிப்போட்டு வேறை அணியம் வைப்பம். உதுக்கும் அப்பிடிச் செய்தால் என்ன?"

"வேறை அணியத்துக்கு எங்கை போறது?"

"உந்தக் காருக்கு ஒரு தமையன் இருக்கு. உதுக்கு முந்தின மொடல். கொழும்பிலை பழைய கார் உடைக்கிற இடத்திலை அதின்ரை முன்பக்கம் ஒண்டு முழுசாய்க் கிடக்காம். உடம்பு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான். தம்பியின்ரை கழுத்திலை தமையன்ரை தலையை வைப்பம்."

பிள்ளையாருக்கே வேறு தலை வைத்துத்தானே கும்பிடுகிறோம் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டு ஓம் என்றேன். அந்த ஓம் என்ற சொல்லைத்தான் உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், லோஜன். அதற்குத்தான் இத்தனை பக்கமும்.

ஐந்து கிழமை நடந்தது வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் பஸ் ஏறிப் போய், கவிழ்த்து வைத்த ஒரு வள்ளத்தில் ஏறி இருந்து பார்ப்பேன். கொழும்பில் இருந்து வந்த தமையன் வெள்ளை நிறம். ஜெறோம் உன் காரின் நசிந்த பொனற்றையும் மட்காட்டுகளையும் பம்பரையும் கழற்றி, தமையனின் சாமான்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தார். முக்கால்வாசித் துளைகள் தாமாகவே பொருந்தின, மிச்சத்தை அவர் பொருந்த வைத்தார். கதவுக்கும் மட்காட்டுக்கும் இடையில் சுண்டுவிரல் போகிற இடைவெளி வந்தது, அதை வள்ளத்துக்குப் பூசுகிற பைபர் போட்டு நிரப்பி, உரஞ்சி, உன் காரின் சிவப்பையே கலந்து அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, கை வைத்துத் தடவினாலும் எங்கே தம்பி முடிந்து எங்கே தமையன் தொடங்குகிறான் என்று தெரியாது. ஆனால் எனக்கு ஒரு குறை தெரிந்தது.

"ஜெறோம், எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. லைற் எங்கை? பொனற் மொட்டையாய்க் கிடக்குதே."

"லைற் நித்திரை கொள்ளுது சேர்" என்று சொல்லி உள்ளே கையை விட்டு ஒரு சுவிச்சைத் தட்டினார்.

மருமகனே, பொனற்றில் இரண்டு மூடி தானாகத் திறந்து, உள்ளிருந்து இரண்டு கண் எழும்பி என்னைப் பார்த்தது! நான் வள்ளத்தில் இருந்து மற்றப் பக்கம் விழுந்தேன். எழும்பி வந்து, "இன்னொருக்கா" என்றேன். மூடியது. "இன்னொருக்கா." திறந்தது. அறுபத்தெட்டு வயதில் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அன்றைக்கு நான் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஒரு சின்னப் பிசகு மட்டும் இருந்தது. உன் புது மொடலில் லைற் சும்மா இருந்த இடத்தில் இருப்பது, எழும்பி இருப்பதற்கு அதில் வயர் கிடையாது. ஜெறோம் புதிதாய் வயர் இழுத்தபோது எங்கேயோ இடப்பக்கச் சிக்னலோடு அது உறவாகிவிட்டது. இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டால் இடது கண் மட்டும் திறந்து மூடும், திறந்து மூடும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கார் கண் சிமிட்டுகிறது. "ரெண்டு நாளிலை சரியாக்கித் தாறன் சேர், அதுமட்டும் வலப்பக்கமாய் மட்டும் திரும்புங்கோ" என்றார் ஜெறோம். கண்ணடித்தான் என்பதற்காக எத்தனை பெடியன்களை முழங்காலில் நிறுத்தியவன் நான்! புதன்கிழமை கொழும்புத்துறையில் இருந்து சண்டிலிப்பாய் வரை, முடிந்தவரை வலப்பக்கமாகவே திரும்பி வீட்டுக்கு வந்தேன். இரண்டே கால் மணித்தியாலம் பிடித்தது.

இனித்தான் முக்கியமான விஷயம். பிரதீபா வீட்டுக் கல்யாணப் பேச்சுக்காலை உன் அம்மா என்னிடம் ஒப்படைத்திருந்தா. ஆடி பிறந்தால் வாய் திறக்க முடியாது. ஆகவே வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கும் பதினொன்றரைக்கும் இடையில் சுபநேரத்துக்குள் போய்க் கேட்டுவிட வேண்டும். பிரதீபாவின் தகப்பன் சுதாகரன் வங்கி முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர், சிரித்ததை யாரும் கண்டதில்லை. நீ மாசியில் அவர்கள் வாசலில் இந்தக் காரில் போய் இறங்கினாயே, அன்றைக்கு அவர் சொன்ன வசனம் மருதனார்மடம் முழுக்க உலாவியது. "ரெண்டு சீற் உள்ள கார் காசு குடுத்து வேண்டிறவன் மாமன் மாமியை எங்கை இருத்துவான்?" அதனால்தான் இந்தக் காரின் நிழலும் அந்த வாசலில் விழக்கூடாது என்று நான் முதல் நாளே ஓட்டோவுக்குச் சொல்லி வைத்தேன். ஒன்பதரைக்கு வரவேண்டிய ஓட்டோ பத்து மணிக்கும் வரவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்தேன், அது நாலு பேரைக் கேட்டும் வரமாட்டேன் என்றது. மாமி காஞ்சிபுரம் சேலையோடு, தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றா.

"இஞ்சாருங்கோ, எடுங்கோ காரை."

"உமக்கென்ன விசரே? அந்தாள் சொன்னது மறந்துபோச்சே?"

"நேரம் போனால் ஆவணியும் போகும், பெடியன்ரை கலியாணமும் போகும். எடுங்கோ எண்டு சொல்லுறன்."

எடுத்தேன். மேலே இருக்கும் துணிக்கூரை மூடவில்லை, அதன் கொளுக்கி பூசணிக்காய் பட்டு வளைந்துபோயிருந்தது. மாமி வெயிலுக்குக் குடையை விரித்தா. கார் புறப்பட்ட வேகத்தில் குடை மறுபக்கம் விரிந்து கம்பியும் துணியும் வேறு வேறாய்ப் போயின. வாழைப்பழச் சீப்பை மடியில் அணைத்துக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து, மாமி சிரித்தா பார், லோஜன்! முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ" என்றா. நான் மிதித்தேனா இல்லையா என்று கேட்காதே.

சுதாகரனின் வீடு ஒழுங்கைக்கு இடப்பக்கம். யாழ்ப்பாணத்தில் சிக்னல் போட்டுத் திரும்புகிறவன் நான் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். கை தன்பாட்டில் போட்டுவிட்டது. வாசலில் பிரதீபாவின் தாய் கஜந்தினி எங்களை வரவேற்கக் குங்குமச்சிமிழோடு நின்றா. ஒழுங்கை தொடங்கியதில் இருந்து படலைக் கதவு வரைக்கும் உன் கார் அந்த அம்மாவைப் பார்த்து இடைவிடாமல் கண்ணடித்துக்கொண்டே போனது. அவ உள்ளே திரும்பிச் சத்தம் போட்டா.

"இஞ்சேரப்பா, ஓடியாங்கோ! ஒரு கார் எனக்குக் கண்ணடிக்குது!"

சுதாகரன் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல முழங்காலில் நின்று நெற்றி முட்ட வெளியே வந்தேன், இந்தமுறை உண்மையாகவே கும்பிடவும் செய்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்.

"சேர், மாசியிலை கண்ட காருக்கு உந்த முகம் இல்லையே?"

மருமகனே, அந்த மனிதருக்குப் பொய் சொல்ல எனக்கு நா வரவில்லை. தேசிக்காயில் தொடங்கி, பூசணிக்காய், ஜெறோம், வயர் என்று எல்லாவற்றையும் படலையிலேயே வைத்து ஒப்புவித்தேன். அவர் கடன் கேட்டு வந்தவன் சொல்லும் சாட்டைக் கேட்கிற மாதிரியே கேட்டார். முடிந்தது உன் கல்யாணம் என்றுதான் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு கண்ணும் ஒண்டாய்த் திறக்குமோ?"

திறந்து காட்டினேன். அவர் குனிந்து முகத்துக்கு நேரே பார்த்தார். "மூடுங்கோ." மூடினேன். "திறவுங்கோ." திறந்தேன். பதினொரு தரம். பன்னிரண்டாம் தரம் அவருடைய வாயின் ஒரு கோடி மெல்ல மேலே போனதை நான் கண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமி இறங்கிய சீற்றில் ஏறி இருந்துவிட்டார்.

"சந்தி மட்டும் ஒருக்காப் போட்டு வருவம் சேர். நேரம் இருக்குத்தானே."

சந்தியில் சந்தைக் கூட்டம், திரும்ப இடமில்லை. அப்படியே நேரே போனோம். போகப் போக அந்த மனிதர், "மிதியுங்கோ சேர், ஆர் பாக்கப்போகினம்!" என்று கத்துகிறார். அவருடைய சால்வை பறந்து பின்னால் வந்த மினிபஸ்ஸின் கண்ணாடியில் விழுந்தது. காங்கேசன்துறைக் கடலைக் கண்டபிறகுதான் நாங்கள் நின்றோம். அவர் சிரித்து முடிய ஐந்து நிமிஷம் பிடித்தது. முடிந்ததும் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"சேர், ரெண்டு சீற் எண்டு நான் சொன்னது காரைப் பற்றி இல்லை. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அவளும் கனடாவுக்குப் போனால் பின்னேரத்திலை நான் ஆரோடை கதைக்கிறது?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. நான் காரைப் பார்த்தேன். பார்த்த உடனே வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சுதாகரன், ஒரேயடியாய்க் கனடாவிலை இருக்கப்போறவன் சண்டிலிப்பாயிலை ஏன் கார் வேண்டுறான்? உதை அவன் அங்கை கொண்டுபோக ஏலாது. உதை ஓடுறதெண்டால் அவன் இஞ்சை வந்துதான் ஆகவேணும். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பேரும் வருவினம். நான் சொல்லுறன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. லோஜன், நீ அந்தக் காரை ஏன் இங்கே வாங்கினாய் என்று நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. நான் சொன்னது உண்மைதானே? இல்லாவிட்டாலும் இனி அதை உண்மையாக்கு. கார் விஷயத்தில் நீ என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதில் மாத்திரம் என்னைப் பொய்யன் ஆக்கிவிடாதே.

திரும்பி வந்தபோது பன்னிரண்டரை. சுபநேரம் போய் ஒரு மணித்தியாலம். நாங்கள் இரண்டு பேரும் பிந்தி வந்த மாணவர்கள் மாதிரிப் படலையில் நின்றோம். உள்ளே மாமியும் கஜந்தினியும் சரியாகப் பதினொரு மணிக்கே வெற்றிலை மாற்றி, ஆவணி பன்னிரண்டாம் நாள் தாலிக்குப் பொன்னுருக்கு, பதினாறாம் நாள் கல்யாணம் என்று முடித்து, எங்களுக்கு வைத்திருந்த உழுந்து வடையையும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பிரதீபா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "அப்பா, உங்கடை சால்வை எங்கை?" என்று மட்டும் கேட்டாள். சுதாகரன், "காத்து" என்றார். அந்தப் பிள்ளை தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு உள்ளே போனது, குசினிக்குள் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

சம்பந்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும், இந்த முகத்தோடுதான் வரவேண்டும், இடது கண்ணைத் திருத்தக்கூடாது. ஆகவே மருமகனே, பழைய முகமா புது முகமா என்பதில் உனக்கு ஒரு தெரிவு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணம் முடிந்தபிறகு யப்பானில் இருந்து புது மொடல் முகத்தை எடுப்பித்துப் பூட்டித் தருவது என் பொறுப்பு. ஜெறோம் சொல்கிறார், கழற்றினால் தமையன், பூட்டினால் தம்பி, நினைத்த நேரம் மாற்றலாமாம். ஆனால் அந்த இரண்டு கண்ணும் எழும்புவதை ஒருதரம் பார்த்துவிட்டுத் தீர்மானம் செய் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

இனிமேல் இந்தக் கார் கொட்டிலை விட்டு வெளியே வராது. சாவியைச் சுவாமி அறையில் வைரவர் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீ வந்து கேட்கும்வரை நானோ, மாமியோ, வேறு எவரோ அதைத் தொடுவதில்லை என்று இன்று காலை குளித்து விபூதி பூசிக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல், கடிதத்தைச் சொல்லாதே. மிளகாய்த்தூளை வெயிலில் காயவைத்து எடு. உடம்பு சுகமும் மனச் சுகமும், மாமாவில் கோபம் வராத வரமும் உனக்குக் கிடைக்க வைரவர் அருள் புரியட்டும். பிரதீபாவும் நீயும் நூறு வயது வரை சண்டை பிடித்துச் சமாதானமாகி வாழ வாழ்த்தும்,

உன் மாமா,
க. சோமசேகரம்
(ஓய்வுபெற்ற உதவி அதிபர், ஒழுக்கம்)

பி.கு.: கடிதத்தை மடித்து மிளகாய்த்தூளுக்குள் வைக்கும் நேரம் பார்த்துச் சம்பந்தி சுதாகரன் வந்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்குக் காரைத் தானே ஓட்டப்போவதாகவும், முற்றத்தில் ஒரு ஐந்து நிமிஷம் பழகிப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டார். சம்பந்தி முதன்முதலாய் வாய் திறந்து கேட்கும்போது சத்தியத்தை எப்படி முன்னுக்கு வைப்பது? அவர் காரின் கண் இரண்டையும் திறந்துவிட்டு, அது எழும்புகிற அழகை முன்னால் பார்த்தபடியே காரைப் பின்னால் எடுத்தார். கிணற்றுக்கட்டு பலமானது, உன் தாத்தா கட்டியது. சம்பந்திக்கு ஒன்றும் இல்லை, சிரிப்புத்தான் இன்னும் நிற்கவில்லை. இதைப் பிரதீபாவுக்குச் சொல்லவேண்டாமாம். ஜெறோமுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பயப்பிடாதேங்கோ சேர், தமையன்ரை பின்பக்கமும் அங்கைதான் கிடக்கு" என்றார். ஆகவே மேலே எழுதியதில் சத்தியம், உறுதிமொழி, பொறுப்பு என்று வருகிற இடங்களை எல்லாம் நீயே ஒரு பேனையால் வெட்டிவிட்டு வாசி. நான் வெட்டுவதற்கு நேரமில்லை, மதுராவின் வான் வாசலில் ஹோர்ண் அடிக்கிறது. காரின் கதவு இரண்டும் நீ விட்டபடியே இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.